வளைவுகளின் கணக்கு

கோவை உக்கடத்தில் எந்த டூவீலர் பட்டறைக்குள் தலையை நீட்டினாலும் சுவரில் ஆணியடித்துக் கருப்பு வளையங்கள் தொங்குவதைப் பார்க்கலாம். கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் கேபிள். 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்த காலம் தொட்டு, கொங்கு நாட்டின் தேங்காய் மூட்டையையும் பால் கேனையும் சுமந்த மொபெட்டுகளை ஓட வைத்ததும் நிற்க வைத்ததும் இந்தக் கம்பிகள்தாம். கம்பி அறுந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். புதுக் கம்பி மாட்டியதும் ஓட்டிக்கொண்டு போவார்கள். பக்கத்திலுள்ள ஆத்துப்பாலத்தில் பொள்ளாச்சிச் சாலையும் பாலக்காட்டுச் சாலையும் பிரிகின்றன. எந்தப் பக்கம் போகிறவரானாலும் கேபிள் அறுந்தவருக்கு இங்கே வழி உண்டு.

அப்படி ஒரு பட்டறை வாசலில் ஒரு எலக்ட்ரிக் மவுண்டன் பைக் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனைகட்டிப் பக்கம் போய்வந்த வண்டி. டயரில் செம்மண் அப்பியிருக்கிறது. ஓட்டி வந்த பையன், “சீட்டு இறங்க மாட்டேங்குதுங்கண்ணா. பட்டனை அழுத்துனா கல்லாட்டம் இருக்குது” என்கிறான். மெக்கானிக் குனிந்து பார்க்கிறார். “கேபிள்தானுங்க தம்பி. பாத்துக்கலாம்.”

அவர் சொல்வது சரிதான். மொபெட்டின் கிளட்சை இயக்கும் அதே பொருள்தான் இந்த வண்டியின் சீட்டையும் இயக்குகிறது. ஆனால் இங்கே அந்தக் கம்பி போகும் வழி வேறு. பேட்டரியைக் கடந்து, மோட்டாரின் தலைக்கு மேல் வளைந்து, சீட்டுக் குழாய்க்குள் ஏறி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முடிகிறது. அந்த வழியில் உள்ள வளைவுகள் ஒவ்வொன்றும் விரலின் விசையில் ஒரு பங்கைத் தின்கின்றன. எவ்வளவு தின்கின்றன என்று கணக்குப் போட முடியும். கணக்குத் தெரிந்தால் கம்பியை எப்படி மாட்ட வேண்டும் என்பதும் தெரியும்.

முதலில், சீட்டு ஏன் இறங்க வேண்டும்? மேட்டில் பெடல் மிதிக்கும்போது கால் ஏறக்குறைய முழுதாக நீள வேண்டும். அதற்குச் சீட்டு உயரமாக இருக்க வேண்டும். சரிவில் இறங்கும்போது அதே உயரம் எதிரியாகிவிடும். முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டியும் ஆளும் சேர்ந்து முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியைச் சுற்றிக் குப்புறக் கவிழப் பார்ப்பார்கள். கவிழாமல் எவ்வளவு பிரேக் பிடிக்கலாம் என்பதை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன: ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், முன்சக்கரம் தொடும் புள்ளியிலிருந்து எவ்வளவு பின்னால். உயரம் 1.1 மீட்டர், பின்தள்ளல் 0.65 மீட்டர் என்று கொள்வோம். 15 டிகிரி சரிவில், புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.31 பங்கு வரைதான் வேகத்தைத் தணிக்க முடியும். அதற்கு மேல் பிடித்தால் பின்சக்கரம் தூக்கும். சீட்டை இறக்கி, உடம்பைத் தாழ்த்திப் பின்னால் தள்ளி, உயரத்தை 0.95 மீட்டராகவும் பின்தள்ளலை 0.75 மீட்டராகவும் ஆக்கினால், அந்தப் பங்கு 0.50 ஆகிறது. பிரேக்கை மாற்றவில்லை, டயரை மாற்றவில்லை. உடம்பு ஒரு சாண் இடம் மாறியதும் அதே சரிவில் ஒன்றரை மடங்குக்கும் மேலாக வேகத்தைத் தணிக்க முடிகிறது. 20 முதல் 25 கிலோ எடையுள்ள எலக்ட்ரிக் வண்டியை மலையில் இறக்குகிறவருக்கு இது சொகுசுக் கருவி அன்று, பாதுகாப்புக் கருவி.

இறங்கி நின்று ஸ்பேனர் போட்டுச் சீட்டைத் தாழ்த்துவது அலுத்துப்போய்த்தான் கலிஃபோர்னியாவின் ஜோ பிரீஸும் ஜாஷ் ஏஞ்சலும் 1984-இல் ஹைட்-ரைட் என்ற ஸ்பிரிங்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கிளாம்பைத் தளர்த்தி, உடம்பின் பாரத்தால் சீட்டை அழுத்தி இறக்கலாம். பிறகு ஸ்பிரிங் அதை மேலே கொண்டுவரும். சீட்டைத் தாங்கி ஏற்றி இறக்கும் இப்போதைய டிராப்பர் போஸ்ட்டில் அந்த வேலையைக் காற்றும் எண்ணெயும் செய்கின்றன. ஒன்றுக்குள் ஒன்று செல்லும் இரண்டு குழாய்கள். உள்ளே அடைத்த எண்ணெயும் அழுத்திய வாயுவும். இடையில் ஒரு வால்வு. வால்வு திறந்திருந்தால் எண்ணெய் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு ஓடும்: உட்கார்ந்தால் சீட்டு இறங்கும், எழுந்தால் வாயு அதைத் தூக்கும். வால்வு மூடினால் எண்ணெய் இருந்த இடத்திலேயே நிற்கும். எண்ணெய் அநேகமாகச் சுருங்காது என்பதால் சீட்டும் அங்கேயே நிற்கும். ஆபீஸ் நாற்காலியை ஏற்றி இறக்கும் கேஸ் ஸ்பிரிங்கும் இதே குடும்பம்தான். சீட்டைத் தூக்குகிற, இறக்குகிற பெரிய வேலையில் கம்பிக்குப் பங்கே இல்லை. போஸ்ட்டின் அடியில் உள்ள ஒரு சிறு நெம்புகோலைச் சில மில்லிமீட்டர் அசைத்து வால்வைத் திறப்பது மட்டுமே அதன் கடமை.

அந்தக் கம்பியின் பெயர் போடன் கேபிள். எர்னஸ்ட் மானிங்டன் போடன் 1896-இல் பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ராலே சைக்கிள் கம்பெனியை நிறுவிய ஃபிராங்க் போடனோடு இவரைக் குழப்பிக்கொள்வோர் உண்டு. இருவரும் வேறு வேறு ஆட்கள். நம் ஊர்ப் பழைய கருப்புச் சைக்கிள்களில் பிரேக்குக்கு இரும்புக் கம்பிகளையும் முட்டிகளையும் கோத்து ராடு பிரேக் வைத்திருந்தார்கள். ராடு நேராகத்தான் தள்ளும், நேராகத்தான் இழுக்கும். திரும்ப வேண்டிய இடத்தில் எல்லாம் ஒரு முட்டி வேண்டும். போடனின் கம்பிக்கு முட்டியே வேண்டாம்.

இதில் இழுவையை மட்டும் பார்ப்பவர்கள் பாதிதான் பார்க்கிறார்கள். உள்ளே இருக்கும் இன்னரை லீவர் இழுக்கும்போது, வெளியே இருக்கும் அவுட்டர் அதே அளவு விசையோடு எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. ஒன்று இழுபடுகிறது, ஒன்று அமுங்குகிறது. இரண்டும் சமம், திசை எதிர். அதனால்தான் கம்பி காற்றில் வளைந்து தொங்கினாலும் இழுத்தவுடன் விறைத்து நேராகி விடுவதில்லை. அவுட்டர் இல்லாத வெறுங்கம்பியை இழுத்தால் அது குறுக்கு வழியைத் தேடும். அவுட்டர் தன் நீளத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்பதுதான் போடனின் கண்டுபிடிப்பின் உயிர். கேபிளைப் பற்றிப் பேசும்போது நாம் இன்னரையே நினைக்கிறோம். அதற்கு ஈடாக உழைக்கும் அவுட்டரை மறந்துவிடுகிறோம்.

ஆகவே அவுட்டரில் வகை பார்த்து வாங்க வேண்டும். பிரேக் அவுட்டர், தட்டைக் கம்பியைச் சுருளாகச் சுற்றிச் செய்தது. பலம் அதிகம். ஆனால் வளைக்கும்போது சுருளின் உட்பக்கம் ஒன்றையொன்று தொட்டபடி நிற்க, வெளிப்பக்கம் விரிகிறது. நடுக்கோட்டின் நீளம் கொஞ்சம் கூடிவிடும். ஹேண்டில் பாரைத் திருப்பினாலே இன்னர் சற்று இழுபடும். பிரேக்குக்கு அது பொருட்டில்லை. 1980-களில் ஷிமானோ ‘கிளிக் கிளிக்’ என்று படிப்படியாக மாறும் கியரைக் கொண்டுவந்தபோது அது பெரிய குறையாகிவிட்டது. அதற்காகத்தான் நீளவாக்கில் பல மெல்லிய கம்பிகளை அடுக்கிய கியர் அவுட்டர் வந்தது. வளைத்தாலும் நீளம் மாறாது. டிராப்பருக்குப் பெரும்பாலும் போடுவது இந்த 4 மி.மீ. கியர் அவுட்டரும் 1.2 மி.மீ. அளவிலான கியர் இன்னரும்தான். ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போடவே கூடாது. பிரேக்கின் விசையில் நீளவாக்குக் கம்பிகள் பிதுங்கி வெடித்து வெளியே வந்துவிடலாம். மீதமிருக்கிறதே என்று மாட்டுகிற பொருள் அன்று அது.

இனி வளைவின் கணக்கு.

நட்ட கம்பத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தால், ஒரு சிறுவனும் திமிறுகிற காளையை நிறுத்திவிடுவான். காங்கேயம் பக்கத்தில் இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கயிறு மரத்தைத் தொடும் ஒவ்வொரு புள்ளியிலும் உராய்வு கொஞ்சம் விசையைத் தாங்கிக்கொள்கிறது. மீதியைத்தான் அடுத்த புள்ளி தாங்க வேண்டும். எல்லாப் புள்ளிகளிலும் ஒரே விகிதத்தில் குறைவதால் அது கூட்டுவட்டி போலப் பெருகிவிடுகிறது. லியோனார்டு ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டில் இதைக் கணித வடிவில் எழுதினார். ஜெர்மானியப் பொறியாளர் எய்டெல்வைன் பெயரும் அதோடு சேர்ந்தது. உராய்வு எண்ணையும் ரேடியனில் அளந்த மொத்த வளைவுக் கோணத்தையும் பெருக்கி, அந்த எண்ணை 2.718-க்கு அடுக்காக வைத்தால் வருவதுதான் இரு முனை விசைகளின் விகிதம். உராய்வு எண் 0.3 என்றால் இரண்டு சுற்றுக்கு அந்த விகிதம் 43. சிறுவன் 1 கிலோ அளவுக்குப் பிடித்தால் காளை 43 கிலோ அளவுக்கு இழுத்தாலும் கயிறு நழுவாது.

கோவையின் நூற்பாலைகளில் இந்த விதி தினமும் வேலை செய்கிறது. கோன் சுற்றும் இயந்திரத்தில் நூல் ஒவ்வொரு வழிகாட்டியைத் தொட்டு வளையும்போதும் அதன் இழுவிசை பெருகுகிறது. வளைவுகள் கூடிப்போனால் நூல் அறுகிறது. நூலின் பாதையை முடிந்தவரை நேராக வைக்க மில் பொறியாளர்கள் மெனக்கெடுவது இதனால்தான்.

இந்தச் சமன்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, அதில் இல்லாத ஒன்று. வளைவின் ஆரம் அதில் இல்லை. கம்பியின் மொத்த நீளமும் இல்லை. பெரிய வளைவோ சிறிய வளைவோ, 90 டிகிரி திரும்பினால் 90 டிகிரிக்கான விலை. சிறிய ஆரத்தில் அவுட்டர் மடிந்துபோகும், இன்னர் விறைக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அவை தனிக் கோளாறுகள். உராய்வுக்கு எல்லாக் கோணங்களையும் கூட்டிவரும் தொகைதான் கணக்கு. இடப்பக்கம் வளைந்து வலப்பக்கம் வளைந்தால் ஒன்றையொன்று கழித்துவிடாது, இரண்டும் கூடும்.

நம் வண்டிக்கு வருவோம். பாரிலிருந்து ஃபிரேமுக்குள் நுழையும் வரை ஏறக்குறைய 90 டிகிரி. கீழ்க்குழாயில் நுழைந்து படியும்போது 60. அடியில் மோட்டார் மேல் திரும்பிச் சீட்டுக் குழாயில் ஏறும்போது 120. மொத்தம் 270 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் உட்பூச்சு உள்ள புது அவுட்டரில் உராய்வு எண் 0.1 என்று கொண்டால் விகிதம் 1.6. போஸ்ட்டின் அடியில் 40 நியூட்டன் தேவையென்றால் மேல்முனையில் 64 நியூட்டன் இழுத்தால் போதும். மண்ணும் துருவும் ஏறி உராய்வு எண் 0.3 ஆகிவிட்டதென்றால் விகிதம் 4.1, இழுக்க வேண்டியது 164 நியூட்டன். ‘கல்லாட்டம்’ என்று பையன் சொன்னானே, அதன் எண் வடிவம் இதுதான்.

திரும்பி வரும்போதும் இதே வரி கட்ட வேண்டும். விரலை எடுத்ததும் வால்வின் ஸ்பிரிங் கம்பியைப் பின்னுக்கு இழுக்கிறது. அது 40 நியூட்டனோடு இழுத்தாலும், துருப்பிடித்த பாதையைக் கடந்து லீவருக்கு வந்து சேர்வது 10 நியூட்டன்கூட இல்லை. கம்பி பாதியில் நின்றுவிட்டால் வால்வு முழுதாக மூடாது. உட்கார்ந்தால் சீட்டு மெல்லமெல்ல அமுங்கும். ‘போஸ்ட் போச்சு’ என்று நினைத்துப் புதுசு வாங்கிவிடுகிறார்கள், குற்றவாளி கம்பியாக இருக்கும்போதே.

எலக்ட்ரிக் வண்டியில் இந்தத் தொல்லை ஏன் அதிகம்? சாதாரண மவுண்டன் பைக்கில் கீழ்க்குழாய் வெறுங்குழாய். பெடல் அச்சுக்குப் பக்கத்திலும் கம்பி தாராளமாக வளைய இடம் இருக்கும். எலக்ட்ரிக் வண்டியில் கீழ்க்குழாயைப் பேட்டரி நிறைத்துவிடும்; பெடல் அச்சு இருக்க வேண்டிய இடத்தில் மோட்டார் உட்கார்ந்திருக்கும். பின் பிரேக் ஹோஸ், கியர் கேபிள், மின்கம்பிகள், டிராப்பர் கேபிள் எல்லாம் மோட்டாருக்கும் ஃபிரேமுக்கும் நடுவிலுள்ள ஒரு விரற்கடை சந்தில் நெருக்கியடித்துக்கொண்டு போகும். சந்தைத் தேடி ஒரு நெளிவு விழுந்தால் அதற்கும் கோணம் உண்டு. கூடுதலாக 90 டிகிரி நெளிந்தால், அழுக்கேறிய கம்பியில் விசை இன்னும் 1.6 மடங்காகும்.

வேலையைத் தொடங்கலாம். வண்டியை அணைத்து, பேட்டரியைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். சீட்டு இறங்கிய நிலையில் அதைப் பிடித்து வண்டியைத் தூக்கவோ கொக்கியில் மாட்டவோ கூடாதென்று பல தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். வாயு எண்ணெய்க்குள் கலந்து, சீட்டு பஞ்சு போல் ஆடத் தொடங்கும். பிறகு போஸ்ட்டின் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு கிளாம்பைத் தளர்த்த வேண்டும். ஒரு கையால் போஸ்ட்டை மேலே உருவும்போது, இன்னொரு கையால் பார் பக்கத்திலிருந்து அவுட்டரை உள்ளே ஊட்டிக்கொடுக்க வேண்டும். ஊட்டாமல் இழுத்தால் மோட்டாருக்கு மேல் அவுட்டர் மடிந்துவிடும்.

அடிப்பாகம் வெளியே வந்ததும் கம்பியைக் கொக்கியிலிருந்து விடுவித்து இரண்டு சோதனைகள். போஸ்ட்டின் நெம்புகோலை விரலாலோ ஆலன் சாவியாலோ அழுத்திச் சீட்டை இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும், முகத்தைச் சீட்டுக்கு நேரே கொண்டுபோகாமல். சரளமாக இயங்கினால் போஸ்ட் நலம். அடுத்து, லீவரை அழுத்திக் கம்பியின் மறுமுனையைக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். அங்கே கரகரவென்று உரசினால் கம்பிதான். இரண்டுமே நன்றாக இருந்தால் கிளாம்பைச் சந்தேகப்படலாம். அளவுக்கு மீறி முறுக்கிய கிளாம்ப் வெளிக்குழாயை நசுக்கி, உட்குழாயைச் சிக்கவைக்கும். பெரும்பாலான போஸ்ட்டுகளுக்கு 5, 6 நியூட்டன் மீட்டர் முறுக்கமே போதும்; பட்டறையில் டார்க் ரென்ச் ஒன்று இருந்தால் இந்த ஒரு குறையே வராது.

அவுட்டர் நன்றாக இருந்து இன்னர் மட்டும் பிசிறியிருந்தால் அதிர்ஷ்டம். இன்னரில் 19 இழைகள்: நடுவில் ஒன்று, சுற்றி 6, அதைச் சுற்றி 12. லீவரிலோ கொக்கியிலோ நிப்பிளை ஒட்டிய இடத்தில் தினமும் மடங்கி நிமிர்ந்து, ஒவ்வோர் இழையாக அறும். 1834-இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் கம்பிவடத்தைக் கொண்டுவந்தது இந்தக் குணத்துக்காகத்தான்: சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போச்சு, வடத்தில் ஓர் இழை போனால் மற்றவை தாங்கி எச்சரிக்கும். பழைய இன்னரை உருவிவிட்டு, அவுட்டரை அசைக்காமல் அதே துளைக்குள் புது இன்னரைச் செலுத்தினால் தானாக மறுமுனைக்கு வந்துவிடும். மோட்டாரைத் தொடவே வேண்டாம். இது தெரியாமல் மோட்டாரைக் கழற்ற ஆரம்பிப்பவர்களுக்காகவே இந்தப் பத்தியை எழுதினேன்.

அவுட்டரும் போயிருந்தால் ஒரே கட்டளை: பழையதை முதலில் உருவாதே. பழைய அவுட்டரின் முனையையும் புதியதன் முனையையும் எதிரெதிரே வைத்து, ஒரு துண்டு இன்னரை இரண்டுக்குள்ளும் ஆப்பு போல் நுழைத்து, மேலே மெல்லிய டேப்பை இறுக்கிச் சுற்ற வேண்டும். இணைப்பு தடிமனாகிவிடக் கூடாது, சந்தில் மாட்டும். ஒருவர் இழுக்க, ஒருவர் ஊட்ட, பழையது போகிற வழியைப் புதியது பின்தொடரும். சந்தில் சிக்கினால் முரட்டு இழுப்பு கூடாது. அப்போதுதான் மோட்டாரின் போல்ட்டுகளைத் தளர்த்திச் சற்றுத் தாழ்த்த வேண்டும். அதன் மின்இணைப்புகளில் பாரம் விழாமல் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். திரும்ப முறுக்கும்போது தயாரிப்பாளர் சொன்ன அளவுதான்.

மொபெட் கேபிளுக்கு எண்ணெய் விட்டுப் பழகிய கை இங்கேயும் எண்ணெய்க் குப்பியைத் தேடும். உட்பூச்சு இல்லாத பழைய அவுட்டருக்கு அது மருந்து. பிளாஸ்டிக் உட்பூச்சு உள்ளதற்குக் கெட்டியான கிரீஸ் கெடுதல்: மண்ணைப் பிடித்துவைத்து அரைக்கும் விழுதாகிவிடும். உலர்ந்த, சுத்தமான இன்னரே போதும்.

அளவு வெட்டும்போது, போஸ்ட் குறித்த உயரத்தில் நிற்கவும் பார் இருபக்கமும் முழுதாகத் திரும்பவும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் நீளம். ‘இருக்கட்டும்’ என்று ஒரு சாண் கூடுதலாக விட்டால், மிச்சம் மோட்டார் மேல் சுருண்டு புதிய வளைவுகளை உண்டாக்கும். நல்ல கட்டரால் செங்குத்தாக வெட்டி, நசுங்கிய வாயை ஊசியால் விரித்து, முனைக்குத் தொப்பி போட வேண்டும். சாய்வாக வெட்டிய அவுட்டர் தொப்பிக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து இன்னரை உரசும்.

கடைசியாக இழுவை. லீவரில் ஓரிரு மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லையென்றால் வால்வு எப்போதும் இம்மியளவு திறந்திருந்து சீட்டு ஊர்ந்து இறங்கும். அதிகமென்றால் முழுதாகத் திறக்காமல் மந்தமாக ஏறும். பாரைக் கடைசி வரை இருபக்கமும் திருப்பிப் பிடித்து, ஒவ்வொரு நிலையிலும் சீட்டை இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும். திருப்பும்போது மட்டும் சீட்டு அமுங்கினால் அவுட்டர் குட்டை. சில சவாரிகளில் அவுட்டரின் முனைகள் தொப்பிக்குள் அழுந்தி உட்காரும், தளர்வு கூடும். பயப்பட ஒன்றுமில்லை, அட்ஜஸ்டரை அரைச் சுற்று வெளியே திருகினால் சரியாகிவிடும்.